வாராந்திர ஒளிப்படச் சவால்

வாராந்திர ஒளிப்படச் சவால் என்பது வாரம் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் அதற்குப் பொருந்தும் ஒளிப்படம் ஒன்றை எடுத்து, குழுவினருடன் பகிர்ந்துகொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். "கதவு", "நிழல்", "சிவப்பு", "காத்திருப்பு" என ஒரே சொல்லாகக் கருப்பொருள் அமையலாம். "தரை மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும்" என்பது போன்ற நிபந்தனையாகவும் அமையலாம். ஓராண்டு முழுவதும் தொடர்ந்தால் 52 படங்கள் சேரும் என்பதால் இது "52 வாரத் திட்டம்" எனவும் அழைக்கப்படுகிறது.

ஒளிப்படப் போட்டியும் ஒளிப்படச் சவாலும் வேறு வேறானவை. போட்டியில் நடுவர் தேர்ந்தெடுக்கும் சிறந்த படத்துக்கே மதிப்பு. சவாலில் வாரந்தோறும் விடாமல் பங்கேற்பதே முதன்மையானது. பல குழுக்களில் பரிசு என்று எதுவும் கிடையாது. விலையுயர்ந்த கருவிகளும் தேவையில்லை. கைபேசி ஒன்றே போதும். மாணவர்கள், வேலைக்குச் செல்வோர், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பினரும் இதில் ஈடுபடுகின்றனர்.

வரலாறு

டாகுவேரோ முறையிலான ஒளிப்படக்கலை 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்த நாளே இன்று உலக ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. இலண்டனில் 1853 ஆம் ஆண்டு ஒளிப்படக் கழகம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் இத்தகைய கழகங்கள் தோன்றின. உறுப்பினர்கள் தம் படங்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்த்துக் கருத்துச் சொல்வது இக்கழகங்களின் வழக்கம். ஒரு தலைப்பைக் கொடுத்து அதற்கேற்ற படங்களை வரவழைக்கும் மாதாந்திரப் போட்டிகளும் காலப்போக்கில் இக்கழகங்களில் வேரூன்றின. இன்றைய வாராந்திரச் சவாலின் தாய்வேர் இவையே.

கருப்பொருள் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லும் முறைக்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற முன்மாதிரி உண்டு. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், அந்நாட்டு அரசின் வேளாண்மைப் பாதுகாப்பு நிர்வாகத்தில் ஒளிப்படப் பிரிவுக்கு ராய் ஸ்ட்ரைக்கர் தலைமை தாங்கினார். டாரத்தியா லாங், வாக்கர் எவான்சு, கார்டன் பார்க்சு முதலிய ஒளிப்படக் கலைஞர்கள் அப்பிரிவில் பணியாற்றினர். களத்துக்குச் செல்வோருக்கு, எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்ற பட்டியல்களை ஸ்ட்ரைக்கர் எழுதி அனுப்பினார். மாலை நேரத்தில் மக்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள், எங்கே கூடிப் பேசுகிறார்கள் என்பன போன்ற அன்றாடச் செய்திகளே அவற்றில் மிகுதி. அவ்வாறு சேர்ந்த தொகுப்பில் ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. எளிய கேள்விகளுக்கு விடையாக எடுக்கப்பட்ட படங்கள் ஒரு நாட்டின் நினைவகமாக மாறியதற்கு இது சான்று.

1888 இல் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடாக் கருவியும், 1900 இல் ஒரு டாலர் விலைக்கு வந்த பிரவுனி கருவியும் ஒளிப்படத்தைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தன. ஆயினும் பிலிம் சுருள், கழுவும் செலவு, அச்சிடும் செலவு ஆகியவற்றால் வாரந்தோறும் பயிற்சி செய்வது பலருக்கு இயலாததாகவே இருந்தது. 35 மில்லிமீட்டர் சுருள் ஒன்றில் பொதுவாக 36 படங்களே எடுக்க முடியும். கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975 இல் உருவாக்கிய எண்ணிமக் கருவி, 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நாடாவில் பதிய 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து தொடங்கிய வளர்ச்சி, 2000க்குப் பின்னர் படம் எடுப்பதற்கான செலவை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கியது.

2002 இல் தொடங்கப்பட்ட டிபிசேலஞ்ச் என்னும் தளம் வாராந்திரக் கருப்பொருள் முறையைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. 2004 இல் பிளிக்கர் வந்தபின், நாளுக்கு ஒரு படம் என்னும் "365 திட்டம்", வாரத்துக்கு ஒரு படம் என்னும் "52 வாரங்கள்" ஆகியன அங்கே குழுக்களாக வளர்ந்தன. வேர்டுபிரெசு நடத்திவந்த வாராந்திர ஒளிப்படச் சவால் 2018 இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னும் பங்கேற்பாளர்கள் தாமாகவே கருப்பொருள் கொடுத்து வேறு பெயர்களில் சவால்களைத் தொடர்ந்தனர். விக்கிமீடியா பொதுவகத்தில் கருப்பொருள் அடிப்படையிலான ஒளிப்படச் சவால் மாதந்தோறும் நடைபெறுகிறது.

தமிழில், "தமிழில் புகைப்படக்கலை" என்னும் குழு வலைப்பதிவு 2000களின் பிற்பகுதியிலிருந்து பாடங்களை எழுதியதோடு மாதாந்திரக் கருப்பொருள் போட்டிகளையும் நடத்தியது. கலைச்சொற்களை எளிய தமிழில் படித்து, உடனே ஒரு தலைப்புக்குப் படம் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இதனால் பலருக்குக் கிட்டியது. 2011-12 இல் தமிழ் விக்கிப்பீடியர் நடத்திய ஊடகப் போட்டி, தமிழர் வாழ்வியல் தொடர்பான படங்களைப் பொதுப் பயன்பாட்டுக்குச் சேர்த்தது.

நடைமுறை

சவாலை நடத்துபவர் வாரத்தின் குறிப்பிட்ட ஒரு நாளில் கருப்பொருளை அறிவிப்பார். சில குழுக்களில் இப்பொறுப்பு முறை வைத்து மாறிவரும். பெரும்பாலான குழுக்களில் காணப்படும் விதிகள் பின்வருமாறு:

1. படம் அந்த வாரத்தில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பழைய தொகுப்பிலிருந்து எடுத்துப் போடக் கூடாது.
2. ஒருவர் ஒரு படம் மட்டுமே இட வேண்டும்.
3. படம் பங்கேற்பாளரே எடுத்ததாக இருக்க வேண்டும்.
4. எடுத்த இடம், நாள், ஓரிரு வரி விளக்கம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும்.
5. குறைந்தது இரண்டு பேருடைய படங்களுக்காவது கருத்து எழுத வேண்டும்.

இவற்றுள் முதல் விதி மிக முக்கியமானது. பழைய படத்தைத் தேடி எடுக்கும்போது கருப்பொருள் ஒரு தலைப்பாக மட்டுமே நின்றுவிடுகிறது. புதிதாக எடுக்க வேண்டும் என்னும்போதுதான் அது ஏழு நாளும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "வட்டம்" என்ற கருப்பொருள் கிடைத்தவர் அந்த வாரம் முழுவதும் காபி டபராவையும், கிணற்று வாயையும், மிதிவண்டிச் சக்கரத்தையும், சல்லடையையும் புதிதாகப் பார்ப்பார். சவாலின் உண்மையான பயிற்சி இந்தப் பார்வையில்தான் நிகழ்கிறது. படம் அதன் விளைவு.

இரண்டாம் விதியும் பொருளுடையது. எண்ணிமக் கருவியில் ஒரே காட்சியை நாற்பது முறை எடுக்கலாம். ஆனால் நாற்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ஏன் விட்டோம் என்று தனக்குத்தானே சொல்லத் தெரிவது தனித் திறமை.

கருப்பொருள் வகைகள்

கருப்பொருள்களைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

பொருள் சார்ந்தவை: கதவு, குடை, பாத்திரம், மரம், பாலம் முதலியன. தொடக்க நிலையினருக்கு ஏற்றவை.

காட்சிக்கூறு சார்ந்தவை: கோடு, வட்டம், மஞ்சள் நிறம், பிரதிபலிப்பு, சமச்சீர், வெற்றிடம் முதலியன. படத்தின் கட்டமைப்பைக் கவனிக்கக் கற்றுத்தருபவை.

நுட்பம் சார்ந்தவை: நிழலுரு, அசைவின் மங்கல், மிக நெருக்கப் படம், கறுப்பு வெள்ளை, இரவுப் படம் முதலியன. கருவியைக் கையாளும் திறனை வளர்ப்பவை.

கருத்து சார்ந்தவை: காத்திருப்பு, தனிமை, பழமை, உழைப்பு, அமைதி முதலியன. கடினமானவை, ஆயினும் ஒரு குழுவில் அதிக வேறுபாடுள்ள படங்களைத் தருபவை.

தமிழ் மாதங்களை ஒட்டியும் குழுக்கள் கருப்பொருள் அமைக்கலாம். தை மாதத்தில் ஆவி, கரும்பு, புதுப்பானை, சித்திரையில் உச்சி வெயில், ஆடியில் காற்று, ஐப்பசியில் குடை, ஈரத்தெரு, கார்த்திகையில் அகல் விளக்கு, மார்கழியில் கோலம், பனிமூட்டம் என ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு நுட்பத்தைப் பழகிக்கொள்ள வாய்ப்பாகிறது. அகல் விளக்கு குறைந்த ஒளியில் படம் எடுப்பதற்கும், ஆடிக்காற்று அசைவைப் பதிவு செய்வதற்கும் இயல்பான பாடங்கள்.

ஒரு கருப்பொருளை அணுகும் முறை

"காத்திருப்பு" என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இச்சொல்லைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் மனிதர். முதலில் தோன்றும் இந்த எண்ணம் தவறன்று. ஆனால் குழுவில் பலருக்கும் அதுவே தோன்றியிருக்கும். அனுபவமுள்ள பங்கேற்பாளர்கள் முதலில் ஒரு தாளில் பத்துப் பதினைந்து எண்ணங்களை எழுதிக்கொள்வர். மருத்துவமனை வாசலில் கழற்றி விடப்பட்ட செருப்புகள், தூண்டில் மிதவை, மூடிய பள்ளிக்கதவுக்கு வெளியே நிற்கும் ஆட்டோ, மழைக்கு முன் உழுது போட்ட நிலம் என்று பட்டியல் நீளும்.

தண்ணீர் லாரி வருமுன் தெருவோரம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் நெகிழிக் குடங்கள் இன்னொரு வாய்ப்பு. அங்கே மனிதர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குடமும் ஒரு வீட்டுக்காக நிற்கிறது. நிறங்களின் வரிசை கண்ணைக் கவரும். நீர்த்தட்டுப்பாடு என்னும் செய்தியும் சொல்லாமலே விளங்கும். யாருடைய முகமும் வெளிப்படாததால் எவருக்கும் சங்கடமும் இல்லை. கருப்பொருளை நேரடியாகக் காட்டாமல் அதன் தடத்தைக் காட்டுவது என்னும் இம்முறை கருத்து சார்ந்த தலைப்புகளுக்கு மிகவும் உதவும்.

அடுத்த படி, அதே இடத்துக்கு வேறு நேரத்தில் திரும்பிச் செல்வது. காலையில் குடங்களின் நிழல் நீளமாக விழும். நண்பகலில் அது அடியிலேயே சுருங்கிவிடும். நின்று எடுத்தால் வரிசையின் நீளம் தெரியும். குந்தி அமர்ந்து எடுத்தால் முதல் குடம் பெரிதாகி மற்றவை பின்னால் சிறுத்துச் செல்லும். ஒரே பொருள் நான்கு வெவ்வேறு படங்களாவதை உணர்வது தொடக்கநிலையினருக்கு முக்கியமான பாடமாகும்.

வெளியில் செல்ல இயலாதவர்களும் பங்கேற்க முடியும். செக் ஒளிப்படக் கலைஞர் யோசப் சூடெக் முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். பிராகா நகரில் தம் படப்பிடிப்பு அறையின் சன்னலை அவர் 1940 முதல் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். கண்ணாடியில் படிந்த பனித்துளி, உறைபனி, வெளியே தெரியும் ஒரு வளைந்த மரம் ஆகியவற்றைக் கொண்ட அத்தொடர் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கரான எட்வர்டு வெசுட்டன் 1930 இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனல் ஒன்றுக்குள் வைத்து எடுத்த படம் ஒளிப்பட வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. சமையலறையும் சன்னலும் ஓராண்டுக்கான பொருளைத் தரக்கூடியவை என்பதற்கு இவை சான்றுகள்.

ஒளியும் கருவியும்

சவால் படங்களில் காணப்படும் குறைகளுள் பல, கருவியின் குறைபாட்டால் நேர்வதில்லை. எடுத்த நேரத்தின் ஒளியால் நேர்கின்றன. சூரியன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது ஒளி சாய்வாகவும் மென்மையாகவும் விழும். தமிழ்நாடு வடக்கு 8 பாகைக்கும் 13.5 பாகைக்கும் இடையில் அமைந்துள்ளதால் இங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை வீதம் மேலே ஏறும். உதித்து ஏறத்தாழ அரை மணி நேரத்திலேயே அது 6 பாகை உயரத்தை எட்டிவிடுகிறது. இலண்டன் போன்ற வட நகரங்களில் சூரியன் சாய்வாக ஏறுவதால் மென்மையான ஒளி நெடுநேரம் நீடிக்கும். எனவே மேலைநாட்டுக் கையேடுகள் "பொன்னொளி நேரம்" ஒரு மணி நேரம் என்று சொல்வதை நம்பித் தாமதமாகச் செல்லும் தமிழ்நாட்டுப் பங்கேற்பாளர் ஏமாற்றமடைவார். விடியுமுன்பே இடத்தில் இருப்பது நல்லது.

உச்சி வெயிலும் வீணானதன்று. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும் நாட்களில், செங்குத்தாக நட்ட கம்பத்தின் நிழல் சிறிது நேரம் காணாமல் போகும். "நிழல்" என்னும் கருப்பொருளுக்கு இதைவிட நல்ல வேளை வாய்ப்பது அரிது.

கைபேசியில் எடுப்போர் பின்வரும் பழக்கங்களை மேற்கொள்ளலாம்:

படம் எடுக்குமுன் லென்சை மென்மையான துணியால் துடைக்க வேண்டும். சட்டைப்பையின் தூசியும் விரல் எண்ணெயும் விளக்கொளியைக் கலங்கச் செய்யும்.

அமைப்புகளில் கட்டக்கோடுகளை இயக்கினால் அடிவானம் சாயாமல் பார்த்துக்கொள்ளலாம். முக்கியமான பொருளை மூன்றில் ஒரு பங்குக் கோடுகளின் சந்திப்பில் வைத்துப் பழகலாம்.

திரையில் பொருளின் மீது விரலை வைத்து, ஒளியளவைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய வேண்டும். ஒளிமிக்க வானத்துக்கு ஏற்ப அளவைக் குறைத்தால் முன்னால் நிற்பவர் நிழலுருவாக மாறுவார்.

விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிடப் பொருளுக்கு அருகில் நடந்து செல்வது நல்லது. எண்ணிம முறையில் பெரிதாக்கும்போது நுண்விவரங்கள் குறையும்.

தனிக்கருவி வைத்திருப்போரும், கைபேசியில் கையியக்க முறையைப் பயன்படுத்துவோரும் ஷட்டர் வேகத்தை மாற்றிப் பார்க்கலாம். தெறிக்கும் நீர்த்துளியை உறைந்தாற்போல் காட்ட 1/1000 நொடி தேவைப்படும். அதே நீரைப் பட்டுத்துணி போலக் காட்ட அரை நொடியும் முக்காலியும் வேண்டும். ஓடும் மிதிவண்டியைத் தொடர்ந்து கருவியைத் திருப்பிக்கொண்டே 1/30 நொடியில் எடுத்தால் வண்டி தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் அமையும்.

கருத்துரைத்தல்

சவாலின் பாதிப் பயன் மற்றவர்களின் கருத்துகளிலிருந்து கிடைக்கிறது. "அருமை", "சூப்பர்" என்னும் பாராட்டுகள் மகிழ்ச்சி தந்தாலும் எடுத்தவருக்கு எதையும் கற்பிப்பதில்லை. பயனுள்ள கருத்துரை மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லும்: பார்த்தவுடன் கண் எங்கே சென்றது? பிறகு எங்கே நகர்ந்தது? படத்தில் எதை நீக்கியிருந்தால் மேலும் நன்றாக இருந்திருக்கும்? இப்படிச் சொல்லும்போது எடுத்தவரின் திறமை மீது தீர்ப்பு எதுவும் வழங்கப்படுவதில்லை. பார்த்தவரின் அனுபவமே பேசப்படுகிறது. ஆகவே அது புண்படுத்துவதில்லை.

மூத்தவர் எடுத்த படத்தைக் குறைசொல்லத் தயங்குவதும், புதியவர் படத்தை எல்லாரும் சேர்ந்து திருத்துவதும் பல குழுக்களில் காணப்படும் குறைகள். எடுத்தவர் பெயரை மறைத்து வைத்து, கருத்துகள் வந்தபின் வெளியிடுவது இதற்கு எளிய தீர்வு.

நெறிமுறைகள்

படத்தில் இடம்பெறும் மனிதரின் மதிப்பு, படத்தின் மதிப்பைவிடப் பெரிது. இப்பொழுதுபோக்கில் ஏற்படும் தவறுகளுள் மிகுதியானவை இதை மறப்பதால் விளைபவை. "முதுமை", "வறுமை", "உழைப்பு" போன்ற தலைப்புகள் வரும் வாரங்களில், நடைபாதையில் உறங்குபவரையும் கோயில் வாசலில் கையேந்தி நிற்பவரையும் தொலைவிலிருந்து படமெடுத்து இடுவது எளிதாக நடந்துவிடுகிறது. அவர்கள் மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை. தம் முகம் எங்கே செல்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எடுப்பவர் தம் தாயாரையோ தந்தையாரையோ அந்நிலையில் வேறொருவர் எடுத்துப் பொதுவில் இட்டால் ஏற்பாரா என்று எண்ணிப் பார்ப்பதே போதுமான அளவுகோல்.

அனுமதி கேட்பதால் படத்தின் இயல்பு கெடும் என்ற கருத்து உண்டு. நடைமுறையில், பூக்கட்டும் அம்மாவிடமோ இஸ்திரி போடும் ஐயாவிடமோ இரண்டு நிமிடம் பேசி, கேட்டு, எடுத்த படத்தை அவர்களிடமே காட்டும்போது அவர்கள் மீண்டும் தம் வேலையில் மூழ்கிவிடுகின்றனர். அதன்பின் எடுக்கும் படம் பெரும்பாலும் முதற்படத்தைவிட நன்றாக அமையும். நீக்கும்படி கேட்டால் உடனே நீக்க வேண்டும். குழந்தைகளை எடுப்பதாயின் பெற்றோரின் ஒப்புதல் தேவை. அப்படத்தோடு பள்ளியின் பெயரையோ வீட்டு இருப்பிடத்தையோ குறிப்பிடக் கூடாது.

பறவைக் கூடுகளைப் படமெடுக்க, மறைக்கும் இலைகளையும் கிளைகளையும் ஒதுக்குவது குஞ்சுகளை வெயிலுக்கும் காகங்களுக்கும் பருந்துகளுக்கும் காட்டிக்கொடுக்கும். தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பத் தயங்கினால், எடுப்பவர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்று பொருள்.

உண்மைத்தன்மை மற்றொரு நெறி. 2009 ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் விருதை வென்ற ஓநாய்ப் படம், பழக்கப்பட்ட விலங்கைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கக் கூடும் என நடுவர்கள் முடிவு செய்ததால், 2010 தொடக்கத்தில் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. 2023 இல் செருமானியக் கலைஞர் போரிசு எல்டாக்சென், சோனி உலக ஒளிப்பட விருதுகளில் தமக்குக் கிடைத்த பரிசை ஏற்க மறுத்து, அப்படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது என அறிவித்தார். பரிசே இல்லாத வாராந்திரச் சவாலில் இத்தகைய ஏமாற்று யாருக்கும் பயன் தராது. ஒளியளவைச் சரிசெய்தல், ஓரங்களை வெட்டுதல், கறுப்பு வெள்ளையாக மாற்றுதல் ஆகியன பொதுவாக ஏற்கப்படுகின்றன. படத்தில் இல்லாததைச் சேர்த்தாலோ இருந்ததை அழித்தாலோ அதை விளக்கத்தில் சொல்லிவிடுவது முறை.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆக்குநர். 2012 இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், படத்துக்கான உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுக்க விரும்புவோர் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் வெளியிடலாம்.

இரயில்வே சட்டம் 1989 இன் 147 ஆம் பிரிவின்படி தண்டவாளப் பகுதியில் அனுமதியின்றி நுழைவது குற்றம். ஒன்றிணையும் கோடுகளுக்காகத் தண்டவாளத்தின் நடுவே நிற்பது உயிருக்கே ஆபத்து. அதே கோடுகளை வயல் வரப்பிலும் பள்ளி நடைக்கூடத்திலும் காணலாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசிப் பயன்பாட்டைத் தடைசெய்ய வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 திசம்பரில் உத்தரவிட்டது. எனவே கோயில் தொடர்பான கருப்பொருளுக்குக் கோபுரம், தெப்பக்குளம், தேர்வீதி போன்ற வெளிப்பகுதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பாதுகாப்புத் துறை இடங்களில் உள்ள தடைகளையும் மதிக்க வேண்டும்.

கைபேசிப் படக்கோப்பில் எடுத்த நேரத்தோடு இடத்தின் ஆயத்தொலைவும் பதிவாகியிருக்கலாம். வீட்டில் எடுத்த படங்களைப் பொதுவெளியில் இடுமுன் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவது பாதுகாப்பானது.

இடையில் விட்டுவிடுதல்

ஆண்டின் தொடக்கத்தில் ஆர்வத்தோடு சேருவோரில் பலர் சில மாதங்களில் நின்றுவிடுகின்றனர். ஒரு வாரம் தவறியதும் "இனி 52 வராது" என்று கைவிடுவது ஒரு காரணம். மற்றவர் படங்களோடு தம் படத்தை ஒப்பிட்டு மனம் சோர்வது இன்னொன்று. விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைப் பார்க்கத் தொடங்கியதும், எண்ணிக்கை கிடைக்கும் படத்தையே மீண்டும் மீண்டும் எடுக்கும் பழக்கம் வந்துவிடும். சூரிய மறைவும் பூவும் மட்டுமே எஞ்சும், சலிப்பும் தொடரும்.

தவறிய வாரத்தை அப்படியே விட்டு அடுத்த வாரத்தில் சேர்ந்துகொள்வதே இதற்கு நல்ல வழி. நாற்பது படங்களோடு முடியும் ஆண்டும் நல்ல ஆண்டுதான். பிறர் படத்தோடு ஒப்பிடுவதை விட்டு, தம்முடைய முதல் மாதப் படங்களையும் ஆறாம் மாதப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வளர்ச்சியைச் சரியாகக் காட்டும்.

பாதுகாத்தலும் பயனும்

ஓராண்டின் படங்கள் ஒரு கைபேசிக்குள் மட்டுமே இருந்தால், அது தொலையும் நாளில் அனைத்தும் தொலையும். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்புகள், ஒரு படி வேறு இடத்தில் என்னும் "3-2-1" முறையை ஒளிப்படக் கலைஞர்கள் பின்பற்றுகின்றனர். எடுத்துக்காட்டாகக் கைபேசி, வீட்டிலுள்ள வன்தட்டு, இணையச் சேமிப்பு ஆகிய மூன்றிலும் வைக்கலாம். செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் மூலக் கோப்பையே சேமிக்க வேண்டும். 12 மெகாபிக்சல் மூலக் கோப்பை ஏறத்தாழ 13க்கு 10 அங்குல அளவு வரை தெளிவாக அச்சிடலாம்.

படத்தைச் சேமிப்பதைப் போலவே விளக்கத்தைச் சேமிப்பதும் இன்றியமையாதது. "திண்ணை" என்னும் கருப்பொருளுக்காக எடுத்த ஓட்டு வீட்டின் படம் அந்த வாரத்தில் ஒரு பயிற்சிப் படம்தான். வீடு இடிக்கப்பட்டு அடுக்ககம் எழுந்தபின், அத்தெருவில் திண்ணை இருந்ததற்கு அதுவே எஞ்சும் சான்றாகலாம். ஆனால் ஊரின் பெயரும், தெருவின் பெயரும், எடுத்த நாளும் எழுதப்படாவிட்டால் அது எங்கோ ஒரு திண்ணை என்ற அளவில் நின்றுவிடும். மரச்செக்கு, ஏற்றம், மூடப்பட்ட திரையரங்கு, ஏரிக்கரையின் பழைய மதகு, அஞ்சல் பெட்டி எனக் கண்முன்னே மறைந்துவரும் பலவும் இப்படிப்பட்டவை. உரிமையாளரின் இசைவோடு எடுக்கப்பட்டு, விவரத்தோடு பொது உரிமத்தில் வெளியிடப்பட்டால், இத்தகைய படங்கள் கலைக்களஞ்சியக் கட்டுரைகளுக்கும் பள்ளிப் பாடங்களுக்கும் உள்ளூர் வரலாற்றுக்கும் பயன்படும்.

ஆண்டு முடிவில் 52 படங்களையும் வரிசையாக அச்சிட்டுச் சிறு தொகுப்பாக்குவதும், பள்ளியிலோ நூலகத்திலோ காட்சிக்கு வைப்பதும் குழுக்கள் செய்யக்கூடிய எளிய பணிகள். அவ்வேளையில் படத்தில் இடம்பெற்றவர்களுக்கு ஒரு படியை அச்சிட்டுக் கொடுப்பது நல்ல மரபு. பூக்கட்டும் அம்மாவின் கைக்கு அவருடைய படம் போய்ச் சேரும்போது அந்த வாரத்தின் சவால் முழுமை பெறுகிறது.